எங்கே நின்றாலும் புதுவாயல்

என் மாமியார் விக்டோரியாவுக்கு வழி தவறுவதில் ஒரு தனித் திறமை உண்டு. ஊத்துக்கோட்டைக்குக் காய் வாங்கப் போகிறேன் என்று கிளம்புவார். திரும்பும்போது எந்த ஷேர் ஆட்டோவில் இடம் கிடைக்கிறதோ அதில் ஏறி உட்கார்ந்துவிடுவார். போர்டு படிக்க வராது. எங்கே போகிறது என்று கேட்கவும் மாட்டார், கௌரவக் குறைச்சல். பிறகு போன் வரும்.

"ஏஞ்சலு, நா எங்கியோ நின்னுக்கினு கீறேன்டி."

என் கணவர் ஜோஷ்வா போனைப் பிடுங்கி விசாரணையை ஆரம்பிப்பார். எங்கே நிற்கிறாய், எதிரே என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது என்று போலீஸ்காரர் கணக்காகக் கேட்பார். "எதுத்தாப்ல ஒரு வேப்பமரம் கீதுடா. டீக்கடை கீது. ஒரு நாய் பட்த்துக்கினு கீது" என்று பதில் வரும். எங்கள் பக்கத்தில் வேப்பமரமும் டீக்கடையும் படுத்திருக்கும் நாயும் இல்லாத ஒரு இடத்தை யாராவது காட்டினால் நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அம்மாவும் பிள்ளையும் போனிலேயே சண்டை போட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் போனை நான் வாங்கினேன்.

"அத்தே, நீங்க எங்க நிக்கிறீங்கன்னு எனக்கு வேணாம். வர்ற வண்டிய நிறுத்தி, புதுவாயல் போவுமான்னு கேளுங்க. போவும்னா ஏறுங்க. போவாதுன்னா, புதுவாயல் வண்டி கெடைக்கிற எடத்துல எறக்கி வுடுன்னு சொல்லி ஏறுங்க. எறங்கினதும் திரும்ப அதையே கேளுங்க. புதுவாயல் வந்தா எறங்கி அங்கியே நில்லுங்க. அதுக்கப்பறம் எவன் கூப்ட்டாலும் ஏறாதீங்க."

வந்து சேர்ந்தார். எங்கள் வீடு புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். எந்த வழியாக வந்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒரு ஏரி வந்தது, ஒரு பாலம் வந்தது என்றார். கையில் கத்திரிக்காய் இருந்தது, ஆளும் முழுசாக இருந்தார், எனக்கு அது போதும்.

இந்தக் கதையை ஆரம்பத்திலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், ஆயுத பூஜைக்கு மறு வேலைநாள் நான் செய்ததும் இதேதான். அன்றைக்குத் தொலைந்து நின்றது மாமியார் அல்ல, ஒரு பர்னஸ்.

நான் அங்கே ஆட்டோமேஷன் இன்ஜினியர். மிஷின்களுக்கு எது எப்போது எப்படி நகர வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதை நான் நன்றாகவே செய்வேன். தன்னடக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் வேறு யாரையாவதுதான் சொல்லச் சொல்ல வேண்டும்.

எங்கள் பர்னஸ், லாரிகளுக்கான பல்சக்கரங்களைச் சுட்டுப் பதப்படுத்துகிற உலை. உள்ளே முழுக்க நைட்ரஜன். காற்று பட்டால் சக்கரம் கருத்துப் பொரிந்துவிடும் என்பதால் வேலை முடிகிறவரை கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே ஒரு வட்ட மேடை, அதன் மேல் ஒரு இரும்புக் கூண்டு, கூண்டுக்குள் அடுக்கடுக்காகச் சரக்கு. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேக வேண்டும் என்று மேடை அவ்வப்போது கால் சுற்றுத் திரும்பி நிற்கும். ஆக நான்கு நிறுத்தங்கள். கூண்டுக்கு வாசல் ஒரு பக்கம்தான். அந்த வாசல் கதவைப் பார்த்து நிற்கிற நிறுத்தத்துக்கு 'ஹோம்' என்று பெயர். ஹோமில் நின்றால்தான் வெளியே இருக்கிற இரும்புக் கை உள்ளே போய்த் தட்டுகளை இழுத்துவர முடியும். வேறெங்கே நின்றாலும் கை கூண்டுச் சுவரில் முட்டி வளைந்துவிடும். அப்புறம் பர்னஸை ஆறவைத்துப் பிரித்துப் பார்ப்பதற்குள் சரக்கெல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

கூண்டு எங்கே நிற்கிறது என்று உள்ளே பார்த்துச் சொல்ல ஆளில்லை. மேடையின் தண்டோடு சேர்ந்து வெளியே ஒரு தட்டு சுற்றும். அதில் நான்கு வெட்டுகள், நான்கும் ஒரே அச்சு. ஒவ்வொரு வெட்டும் தாண்டும்போது ஒரு சென்சார் பார்த்து எண்ணிக்கொள்ளும். ஒன்று, இரண்டு, மூன்று, ஹோம். எண்ணுவதைத் தவிர அதற்கு வேறு ஒன்றும் தெரியாது. எண்ணிக்கை தவறினால் தவறியதுதான்.

இதில் இன்னொரு சனியன், மேடையைத் திருப்புகிற பல் ஒன்று தேய்ந்திருந்தது. ஒருமுறை திருப்பினால் ஒரு நிறுத்தம் நகர வேண்டும். சில சமயம் வழுக்கி இரண்டு நகர்ந்துவிடும். எப்போது ஒன்று, எப்போது இரண்டு என்று அந்தப் பல்லுக்கே தெரியாது. சென்சார் கண் விழித்திருக்கும்வரை கவலை இல்லை, இரண்டு நகர்ந்தால் இரண்டு என்று எண்ணிவிடும். புதுப் பல் வாங்கக் கேட்டு நான் வாய் வலித்துப் போயிருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம், சரக்கு உள்ளே வெந்துகொண்டிருந்தபோது கரண்ட் போய் வந்தது. கண்ணிமைக்கும் நேரம்தான். திரும்பி வந்தபோது பேனல் திரையில் மூன்று என்று காட்டியது, அடுத்த நிமிடம் இரண்டு என்றது, பிறகு மறுபடி மூன்று. நான் போய்ச் சேரும்போது பர்னஸ் முன்னால் ஊரே கூடியிருந்தது.

பேனல் பக்கத்தில் ரோஜா நின்றிருந்தாள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். அவள் அப்பா இராமலிங்கம் இன்னும் ஏரியில் வலை போடுகிறார். ரோஜா எங்களிடம் கான்ட்ராக்டில் இருந்தாள். பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் வீட்டில் உட்கார், மறுபடி புதுசாகச் சேர். வேலை தெரிந்த பெண்ணை இப்படிக் கபடி ஆடவிடுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த வருஷம்தான் முதல்முறையாக நிரந்தர ஆட்களில் அவள் பெயரும் வந்தது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை, நிரந்தர ஆட்களுக்குக் காவிப் பழுப்புச் சட்டை. டெய்லர் வந்து அளவெடுத்து, அவள் பெயர் தைத்த பழுப்புச் சட்டை ஸ்டோரில் வந்து காத்திருந்தது. அந்த வாரக் கடைசியில் கையில் கொடுப்பதாக இருந்தது. அதற்குள் ஒரு கரும்புள்ளி விழுந்தால் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ரோஜாவுக்கும் தெரியும். நீலச் சட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

ஷிப்ட் சூப்பர்வைசர் மணவாளன் அண்ணன் தொண்டையைத் தீட்டிக்கொண்டிருந்தார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதைப் பிழையில்லாமல் கடைப்பிடிக்கிறவர். கரண்ட் போனபோது அவர் இருந்த இடம் டீ மிஷின் பக்கம்.

"சார், கரண்ட் போறதுக்கு முன்ன ரெண்டுல நின்னுச்சு, நானே பாத்தேன். இப்ப ரெண்டுல நிக்கல. கரண்ட் போனதும் பயந்துக்கினு இவ திருப்பற பட்டன அமுக்கிக்கீறா. கண்டிஷனா சொல்றேன். கதவத் தொறந்து பாத்தா தெரிஞ்சிடும்."

கரண்ட் கோளாறில் ஆபரேட்டர் கையால் திருப்பக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. மேனேஜர் வெங்கடேசன் சார் கடுகடுவென்று நின்றார். கெட்டவர் இல்லை. ஆனால் வாசலில் கஸ்டமரின் லாரி நின்றுகொண்டிருந்தது, சரக்கோ இன்னும் கொஞ்ச நேரம் சூட்டில் கிடந்தால் பதம் தப்பிவிடும்.

"அமுக்கினியாம்மா?" என்றார்.

ரோஜா வாயைத் திறந்தாள். நான் குறுக்கே புகுந்தேன்.

"சார், விசாரணை அப்பறம். சரக்கு வேவுது. மொதல்ல நான் மிஷினப் பாக்கறேன்."

தட்டும் சென்சாரும் இருக்கிற பக்கத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். சென்சாரின் கண் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு நடுவில் அம்சமாகச் சந்தனம் பூசி, மேலே குங்குமம் வைத்திருந்தது. ஆயுத பூஜைக்கு முன்னால் எல்லா மூடியையும் கழற்றித் துடைத்துச் சுத்தம் செய்வார்கள். அப்போது கண்ணில் பட்ட வட்டத்துக்கெல்லாம் பொட்டு விழும். என் ஸ்கூட்டி ஹெட்லைட்டுக்குக்கூட விழுந்தது, நான் ஞாயிற்றுக்கிழமை அதோடுதான் சர்ச்சுக்குப் போனேன். பூஜையன்று ஈரமாக ஒட்டியிருந்த சந்தனம் இப்போது சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்பு வழியாக ஒரு நேரம் தெரிந்திருக்கிறது, ஒரு நேரம் தெரியவில்லை. எண்ணிக்கை எப்போது தவறியது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பஞ்சால் கண்ணாடியைத் துடைத்து, பஞ்சைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கண் தெளிந்தது. ஆனால் கண் தெளிந்ததால் மறந்த கணக்கு திரும்பி வராது. இனிமேல் ஒழுங்காக எண்ணும், அவ்வளவுதான். எண்ண ஆரம்பிக்க ஒரு உறுதியான இடம் வேண்டும்.

மூடியை மாட்டிவிட்டு வந்து சாரிடம் சொன்னேன்.

"சார், ரெண்டு வழி இருக்கு. கூண்டு எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்கணும்னா கதவத் தொறக்கணும். காத்து உள்ள போவும், தட்ட இழுக்கறதுக்குள்ள சரக்கு போச்சு. இன்னொரு வழி, எங்க நின்னா இன்னான்னு அத ஹோமுக்குக் கொண்டாந்துடறது. அது என்னால முடியும்."

"எங்க இருக்குன்னே தெரியாம எப்படிக் கொண்டு வருவ?"

"தெரிய வேணாம் சார். எங்கேர்ந்து கெளம்பினாலும் ஒரே எடத்துல போய் நிக்கிற மாதிரி பட்டனுங்கள வரிசையா அமுக்கினா ஆச்சு."

மணவாளன் அண்ணன் சிரித்தார். "இன்னாம்மா, மந்திரமா?"

மந்திரமில்லை. மேடைக்கு ஒரு பூட்டு முள் உண்டு. மேலிருந்து இறங்கும், ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே இருக்கும். அது விழுகிற குழி மேடையில் ஒரே இடத்தில்தான், ஹோமில். முதலில் முள்ளை இறக்கிவிட வேண்டும். குழி கீழே இல்லையென்றால் அது மேடை மேல் சும்மா உரசிக்கொண்டிருக்கும். பிறகு மெதுவாகத் திருப்ப வேண்டும். தேய்ந்த பல் ஒன்று நகர்த்தட்டும், இரண்டு நகர்த்தட்டும், அதன் இஷ்டம். ஆனால் குழியைத் தாண்டி ஓட முடியாது. குழி வந்ததும் முள் விழுந்து பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் எத்தனை முறை திருப்பினாலும் மேடை அசையாது. தூரத்து நிறுத்தத்தில் நின்றிருந்தால்கூட மூன்று முறை திருப்பினால் வந்துவிடும். நடுவழியில் நின்றிருந்தால் என்று ஒன்று கூடுதல். ஏற்கெனவே ஹோமில்தான் நின்றிருந்தது என்றாலும் பாதகமில்லை, அங்கேயே நிற்கும்.

"மேடம், முள்ளு எறங்கியிருக்கும்போது திருப்பக் கூடாதுன்னு செவப்புல ஒட்டி வெச்சிருக்கோமே" என்றான் எலக்ட்ரீஷியன் சசிகுமார். நல்ல பையன், விதி தெரிந்தவன்.

"வேகமாத் திருப்பினா முள்ளு ஒடியும், அதுக்குத்தான் ஒட்டினது. மெதுவா திருப்பினா மோட்டாரு பக்கத்து க்ளட்ச் வழுக்கிக் குடுத்துடும். போன பராமரிப்பப்ப காலிக் கூண்டு வெச்சு நானே பண்ணிப் பாத்தேன். நீதான் விடுமுறைல இருந்த."

அவன் தலையாட்டினான். எனக்குள் நடுக்கம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. கணக்கு சரி என்று தெரிந்தபிறகு நடுங்குவது கணக்குக்குச் செய்கிற அவமரியாதை என்று நினைக்கிற ஆள் நான்.

"ஆனா ஒண்ணு சார்" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இத நான் பண்ணிட்டா, முன்னாடி கூண்டு எங்க நின்னுச்சுங்கிறது அழிஞ்சிடும். நாலு எடத்துல எங்கேர்ந்து வந்தாலும் கடைசில ஒரே மாதிரிதான் நிக்கும். அப்பறம் எவ்ளோ தோண்டினாலும் யார் மேல தப்புன்னு மிஷின் சாட்சி சொல்லாது. சரக்கு வேணுமா, சாட்சி வேணுமா, நீங்களே சொல்லுங்க."

சார் கடிகாரத்தைப் பார்த்தார், வாசல் பக்கம் பார்த்தார். "சரக்கு" என்றார்.

பேனல் முன்னால் போய் நின்றேன். அங்கே மோட்டார் இழுக்கிற கரண்டைக் காட்டும் ஒரு முள் மீட்டர் இருக்கிறது. மேடை பூட்டில் மாட்டி க்ளட்ச் வழுக்கும்போது மீட்டரின் முள் ஏறும். எத்தனையாவது திருப்பலில் ஏறுகிறது என்று பார்த்தால் எங்கிருந்து கிளம்பியது என்று அரைகுறையாக ஒரு ஊகம் கிடைக்கும். அரைகுறைதான், ஏனென்றால் பூட்டு இறங்கியிருக்கும்வரை சென்சார் எண்ணாது, திரையும் பழைய எண்ணிலேயே நிற்கும், பல் ஒன்று நகர்த்தியதா இரண்டு நகர்த்தியதா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் மணவாளன் அண்ணன் போன்றவர்களுக்கு அரைகுறை போதும், மீதியை வாயால் நிரப்பிக்கொள்வார்கள். நான் என் ஹெல்மெட்டைக் கழற்றி மீட்டர் மேல் மாட்டினேன். சசிகுமார் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு மேலே ஓடுகிற பைப்பை ஆராய ஆரம்பித்தான்.

பூட்டு முள்ளை இறக்கினேன். மெதுவாகத் திருப்பும் பட்டனை அழுத்தினேன். பர்னஸ் விசிறியின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடி. இன்னொன்று.

"ஆச்சு சார். ஹோம்."

"திரையில மூணுன்னு காட்டுதும்மா!" என்று மணவாளன் அண்ணன் அலறினார்.

"திரை பொய் சொல்லுது அண்ணே. அதுக்குப் பழைய கணக்கு தவறிப்போச்சு."

வெங்கடேசன் சார் முகத்தில் வேர்வை இறங்கியது. கதவைத் திறந்து கையை உள்ளே அனுப்பினால் திரும்பப் பெற முடியாது. மிஷின் மூன்று என்கிறது, நான் ஹோம் என்கிறேன். "ஏஞ்சலின், நல்லா யோசிச்சியா?" என்றார்.

"யோசிச்சிட்டேன் சார். எங்க அத்தையவே புதுவாயலுக்குக் கொண்டாந்தவ நான்."

அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் தலையசைத்தார். கதவு மேலே ஏறியது. அனல் முகத்தில் அடித்தது. இரும்புக் கை நீண்டு உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது, எதிலும் முட்டவில்லை. பிறகு செக்கச் சிவந்த முதல் தட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். ரோஜா மட்டும் தட்டவில்லை. சரக்கு தப்பியது, தான் தப்பினோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

திரையில் கணக்கை அழித்து ஹோம் என்று புதுசாக எழுதினேன். கடைசித் தட்டும் வெளியே வந்து எண்ணெயில் இறங்கியபிறகு சாருக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் ஞாபகமும் வந்தது.

"சரி, இவ்வளவு ஆனதுக்கு யாரையாவது கேக்கணுமே. மேலிடத்துல விடமாட்டாங்க. எங்க நின்னுச்சுன்னு உனக்கு ஒரு அனுமானம் இருக்குமே?"

"இல்ல சார். முன்னாடியே சொன்னேன், நீங்க ஒத்துக்கிட்டீங்க."

"அப்ப ரோஜா பேர இந்த முறை நிறுத்தி வெப்போம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அதான் எல்லாருக்கும் சேஃப்டி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ருசுவே இல்லாத குற்றத்துக்கு ஒரு வருஷ தண்டனை. ரோஜாவின் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. இதெல்லாம் பழக்கம்தான் என்கிற மாதிரி ஒரு முகம், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சார், கூண்டு எங்க நின்னுச்சுன்னு கேக்கறீங்க. தேய்ஞ்ச பல்லு ரெண்டு ரெண்டா தாவுது. மூணுல நின்னிருந்தாக்கூட கையா, பல்லான்னு சொல்ல முடியாது. மொதல்ல, கணக்கு ஏன் தப்புச்சுன்னு கேளுங்க." பாக்கெட்டிலிருந்து பஞ்சை எடுத்து நீட்டினேன். மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. "சென்சார் கண்ணுல இருந்துச்சு. சந்தனமும் குங்குமமும். கண்ண மறைச்சா எப்படி சார் எண்ணும்?"

மணவாளன் அண்ணன் துள்ளிக் குதித்தார். "நா சொல்லல? பொட்டு வெச்சதெல்லாம் பொம்பளப் புள்ளைங்கதான். இவதான் தட்டத் தூக்கிக்கினு சுத்திக்கினு இருந்தா. இருங்க, போட்டோ கீது, நானே எடுத்தேன். குரூப்புல போட்டேன்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நான் சொல்ல வேண்டியதை அவரே தேட ஆரம்பித்தார். கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, பூஜை நாள் போட்டோக்களுக்குப் போனார். எனக்கு அந்தப் போட்டோ நன்றாக நினைவிருந்தது, நானும் அதற்குக் கீழே கை கூப்புகிற பொம்மை ஒன்று போட்டிருந்தேன். எங்கள் கம்பெனியில் பெரிய மிஷினுக்கு முதல் பொட்டு மேனேஜர் கையால்தான். அது வழக்கம். மீதிப் பேர் அதற்கப்புறம்தான் தட்டில் கை வைக்கலாம்.

மணவாளன் அண்ணனின் விரல் நின்றது. வாயும் நின்றது. போனை மெதுவாகச் சட்டைப்பையில் போடப் பார்த்தார்.

"காட்டுங்க" என்றார் சார்.

வேறு வழியில்லாமல் காட்டினார். படத்தில் பட்டு வேட்டி கட்டிய வெங்கடேசன் சார், மூடி கழற்றிய பர்னஸ் முன்னால் குனிந்து, வட்டக் கண்ணாடியில் பக்தியோடு கட்டைவிரலைப் பதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரோஜா தட்டு ஏந்தி நின்றாள். கீழே மணவாளன் அண்ணனே மூன்று பூங்கொத்துப் போட்டு, 'சாரின் பொற்கரத்தால்' என்று எழுதியிருந்தார்.

சார் போனைக் கையில் வாங்கி, படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். சசிகுமார் மறுபடி பைப்பைப் பார்க்கப் போய்விட்டான்.

"எனக்கு அது சென்சார்னு தெரியாதும்மா" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நெத்தி மாதிரி இருந்துச்சு. மனசார வெச்சேன்."

"தெரியும் சார். யாரும் உங்களக் குத்தம் சொல்லல. பக்திக்கு நாம தண்டனை குடுக்க மாட்டோம். அப்ப பயத்துக்கும் குடுக்கக் கூடாது. கரண்ட் போன ஒரு செகண்ட்ல இந்தப் பொண்ணு கை பட்டுச்சோ படலியோ, எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மிஷின் எங்கியோ நின்னுச்சு. இப்ப ஹோம்ல நிக்குது. மேலிடத்துக்கு அதையே சொல்லுங்க, அதுதான் உண்மை."

சார் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, அவருக்கு நான் இன்றும் மரியாதை கொடுப்பதற்கு இதுதான் காரணம், சிரித்துவிட்டார். தன்னைப் பார்த்தே சிரிக்கிற சிரிப்பு.

"மணவாளன், அந்தப் பொற்கரத்தை முதல்ல டெலிட் பண்ணுங்க. ஏஞ்சலின், அந்தப் பல்லுக்கு இன்னிக்கே ஆர்டர் போடு. ரோஜா, ஸ்டோர்ல சட்டை இருக்கில்ல? வாரக் கடைசி வரைக்கும் எதுக்கு, இப்பவே போய் வாங்கிக்கோ."

சாயங்காலம் ஸ்கூட்டியைச் சர்வீசுக்கு விட்டிருந்ததால் ரோஜாவோடு ஷேர் ஆட்டோவில் வந்தேன். பழுப்புச் சட்டையைப் பாலிதீன் உறையோடு மடியில் வைத்துக்கொண்டு, பிரிக்காமல், பெயர் தைத்த இடத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, கரண்ட் போச்சே, அப்ப என் கை..."

"ரோஜா, நா கேட்டனா?"

"கேக்கலக்கா. அதான் எனக்கு இன்னாவோ மாதிரி கீது. ஏன் கேக்கல?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் மிஷினுக்குச் சொன்ன பதிலை ஒரு மனுஷிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்குத் தெரியாமல் போன ஒரே விஷயம் அதுதான். சும்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

புதுவாயல் கூட்டுரோட்டில் இறங்கினோம். ரோஜா அங்கிருந்து வேறு வண்டி மாற வேண்டும். டீக்கடை முன்னால் கூட்டத்துக்கு நடுவில், காய்ப்பையைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு என் மாமியார் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பெருமை.

"பாத்தியா ஏஞ்சலு, இன்னிக்கு நா போனே பண்ணல. நானே வந்துட்டேன்."

ரோஜா மரியாதைக்குக் கேட்டாள். "எங்கேர்ந்து வர்றீங்க ஆயா?"

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்ட மாதிரி.

"அது இன்னாத்துக்கும்மா இப்ப? அதான் வந்துட்டேன் இல்ல?"

பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளரிப்பிஞ்சை எடுத்துப் புடவையில் துடைத்து, "நீ சாப்ட்டியா?" என்று அவள் கையில் திணித்தார். நாள் முழுக்க அழாத ரோஜா, அந்த வெள்ளரிப்பிஞ்சைப் பிடித்துக்கொண்டு, சட்டையை நெஞ்சோடு அணைத்து, ரோட்டிலேயே ஓவென்று அழுதாள்.